எழுத்துருவைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்: வடிவமைப்பு மாணவருக்கான டைப்போகிராஃபி வழிகாட்டி

வடிவமைப்புப் படிப்பில் டைப்போகிராஃபி (எழுத்துகளைப் பக்கத்தில் அமைக்கும் கலை) பாடம் தொடங்கியதும் பெரும்பாலான மாணவர்கள் செய்கிற முதல் வேலை, இணையத்தில் கிடைக்கிற எழுத்துருக்களையெல்லாம் கணினியில் இறக்கிக் குவிப்பதுதான். நானும் அதையே செய்தேன். நான் வடிவமைத்த முதல் சுவரொட்டியில் ஏழு எழுத்துருக்கள் இருந்தன. ஆசிரியர் அதை வாங்கிக் கையை நீட்டிச் சற்றுத் தள்ளிப் பிடித்து, "நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். வடிவமைத்த எனக்கே அதைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

கற்கும் வரிசையில் எழுத்துருத் தேர்வு ஏறத்தாழக் கடைசியில் வர வேண்டும் என்பதே என் கருத்து. அளவு, வரி நீளம், இடைவெளி, ஓரம் ஆகிய நான்கையும் ஒரே எழுத்துருவை வைத்துக்கொண்டு கையாளத் தெரிந்தவரிடம் எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் படிக்கத்தக்க பக்கம் ஒன்றை அமைத்துவிடுவார். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தத் தேர்வு ஏழாவது படியில்தான் வருகிறது. அதுவரை சாதாரணத் தடிமனும் போல்டும் உள்ள ஒரே எழுத்துரு போதும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவற்றோடு மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், கூரான பென்சில், டிரேசிங் தாள், ஓர் அச்சுப்பொறி ஆகியவை வேண்டும். எளிய கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியே போதுமானது.

முதல் படி: எழுத்தைப் படிக்காமல் பார்த்தல்

நமக்குத் தெரிந்த எழுத்தை நாம் பார்ப்பதில்லை, படித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை உடைப்பதற்கான எளிய வழி, எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு டிரேசிங் தாளில் அதன் வெளிக்கோட்டை வரைவது. ‘அ’, ‘க’, ‘ப’, ‘ல’, ‘ழ’, ‘ணி’, ‘கு’ ஆகிய ஏழையும் 300 பாயிண்ட் அளவில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறை வரையுங்கள். மூன்றாவது முறை வரையும்போது, ‘க’வின் உள்ளே அடைபட்ட வெள்ளை எவ்வளவு, கோடு எந்த இடத்தில் மெலிகிறது, வளைவு எங்கே தொடங்குகிறது என்பவையெல்லாம் கைக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரைந்தால் இந்தப் பார்வை இன்னும் விரைவில் வரும்.

வரைந்த பிறகு எழுத்துகள் நிற்கிற கோட்டை, அதாவது பேஸ்லைனை, அளவுகோலால் இழுத்துப் பாருங்கள். தட்டையான அடியுள்ள ‘ப’ கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கும். வளைந்த அடியுள்ள ‘ல’ பெரும்பாலான எழுத்துருக்களில் கோட்டுக்குக் கீழே மயிரிழை இறங்கியிருக்கும். இது பிழையன்று. வளைவு கோட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால், இரண்டும் கணக்குக்குச் சமமாக நின்றால் கண்ணுக்கு வளைந்த எழுத்து சிறியதாகத் தோன்றும். அதை ஈடுகட்டவே எழுத்துருவை வரைந்தவர் சிறிது நீட்டியிருக்கிறார். டைப்போகிராஃபியில் அளவுகோலுக்கும் கண்ணுக்கும் முரண்பாடு வரும்போது கண்ணின் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் சான்று.

ஆங்கிலம் போன்ற மொழிகளை எழுதும் ரோமன் எழுத்தில் சிறிய எக்ஸின் (x) உயரத்தை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேலே நீள்வது, கீழே இறங்குவது என்று பிரித்துப் பேசுவார்கள். தமிழிலும் மூன்று மண்டலங்கள் உண்டு. ‘ப’, ‘ட’, ‘ம’ போன்றவை நடு மண்டலத்தோடு நின்றுவிடுகின்றன. புள்ளியும் மேல்விலங்கும் (‘கி’யில் மேலே வளையும் கோடு) மேல் மண்டலத்துக்குப் போகின்றன. ‘த’, ‘ந’, ‘ற’, ‘ழ’ ஆகியவற்றின் வால்களும் உகர ஊகார வடிவங்களும் கீழ் மண்டலத்துக்கு இறங்குகின்றன. இந்த உகர ஊகார வரிசையைத் தனியே கவனிக்க வேண்டும். துணைக்காலையும் கொம்பையும் எந்த மெய்யோடு சேர்த்தாலும் வடிவம் மாறுவதில்லை; ஆனால் ‘கு’, ‘சு’, ‘து’ என்று எழுதிப் பாருங்கள், மூன்றும் மூன்று விதமாக முடியும். 18 மெய்களுக்கும் உகரம், ஊகாரம் என 36 வடிவங்களை எழுத்துரு வரைபவர் ஒவ்வொன்றாக வரைந்தாக வேண்டும். அவசரத்தில் உருவான எழுத்துருவின் குறை முதலில் வெளிப்படுகிற இடமும் இதுவே.

இரண்டாம் படி: கருவியின் வழியே வரலாறு

வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்தக் கருவி எந்த வடிவத்தைப் பெற்றெடுத்தது என்று பார்த்தால் பட்டியல் தானாகவே நினைவில் நிற்கும். 1450களில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் வார்த்த எழுத்துகள், அப்போது வழக்கிலிருந்த கையெழுத்துப் படிகளின் கனத்த வடிவத்தையே பின்பற்றின. 1470இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் வார்த்த ரோமன் எழுத்திலும் பட்டைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்தெழுதிய தடம் இருக்கிறது. கோடு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிகிறது. அதே வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய, சாய்ந்த வடிவமுள்ள இத்தாலிக் எழுத்து, 1501இல் சிறிய நூல்களில் இடம்பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான தாளையும் செம்மையான மையையும் பயன்படுத்தியதால் மெல்லிய கோடுகள் சிதையாமல் அச்சேறின. நூற்றாண்டின் இறுதியில் போதோனியும் திதோவும் தடிமனுக்கும் மெலிவுக்கும் இடையிலான வேறுபாட்டை அதன் எல்லைக்கே கொண்டுபோனார்கள். விளம்பரத் தொழில் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் தூரத்திலிருந்து கண்ணில் படும் கனத்த எழுத்துகளும், கோட்டின் முனையில் செரிஃப் எனும் சிறு குறுக்குக்கோடு இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்துகளும் பரவின. 1957இல் வெளியான ஹெல்வெட்டிகாவும் (அப்போது அதன் பெயர் நோயே ஹாஸ் குரோட்டஸ்க்) அதே ஆண்டின் யுனிவர்ஸும் அந்த மரபில் வந்தவையே.

தமிழின் கருவி வேறு. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது தடிமன், மெலிவு என்ற வேறுபாடு எழுவதற்கே வழியில்லை. கோடு முழுவதும் ஒரே அகலம். ஆகவே செரிஃப், சான்ஸ் செரிஃப் என்ற பிரிவைத் தமிழ் எழுத்தின் மேல் அப்படியே கவிழ்ப்பது பொருந்தாது என்பது என் எண்ணம். ஒரே அகலக் கோடு கொண்டவை, தடித்து மெலியும் கோடு கொண்டவை என்று பிரித்துக்கொள்வதே வேலைக்கு உதவும். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளைக் கொண்டு நூல் அச்சானது முதல், ஈய அச்சு நம் எழுத்தின் மேல் தன் நிபந்தனைகளைச் சுமத்தியே வந்திருக்கிறது. ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘ணை’, ‘லை’ உள்ளிட்ட 13 எழுத்துகளுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் வலியுறுத்திய சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற பிறகே அவை துணைக்காலும் இணைக்கொம்பும் கொண்ட இன்றைய வடிவத்தை அடைந்தன. பழைய தோற்றத்தில் ஒரு சுவரொட்டியை வடிவமைக்கும் மாணவர் இதை அறியாமல் விட்டால், 1950களின் சாயலில் இன்றைய ‘லை’யைப் போட்டு மாட்டிக்கொள்வார்.

மூன்றாம் படி: அளவு எதை அளக்கிறது

ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.353 மி.மீ.; 12 பாயிண்ட் சேர்ந்தால் ஒரு பைக்கா. இதுவரை எளிது. ஆனால் எழுத்தின் அளவு 12 பாயிண்ட் என்று சொல்லும்போது எதன் உயரம் 12 பாயிண்ட்? எழுத்தின் உயரம் அன்று. ஈய அச்சில் எழுத்து ஒரு கட்டையின் தலையில் நின்றது. அந்தக் கட்டையின் உயரத்தைத்தான் பாயிண்ட் குறித்தது. கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்பியது என்பது அதைச் செதுக்கியவரின் முடிவு. கட்டை போய்விட்டது, கணக்கு மட்டும் கணினியிலும் தொடர்கிறது.

இதை நேரில் கண்டுகொள்ள, ‘ப’ என்ற எழுத்தை மூன்று எழுத்துருக்களில் 72 பாயிண்ட் அளவில் அச்சிட்டு அளவுகோலை வையுங்கள். 72 பாயிண்ட் என்பது 25.4 மி.மீ. ஆனால் மூன்று ‘ப’க்களும் அதைவிட வெகு குறைவாக, அதுவும் ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்கும். "உரைப்பகுதிக்கு 11 பாயிண்ட்" என்ற விதியை எழுத்துருவின் பெயர் சொல்லாமல் யாரேனும் சொன்னால் அது பாதி விதிதான் என்பது இதிலிருந்து விளங்கும்.

நான்காம் படி: ஒரு பத்தி

ஒரு பருவம் முழுவதையும் ஒரே பத்தியில் செலவிட்டாலும் வீணாகாது. சுமார் 120 சொற்கள் கொண்ட, நீங்கள் உண்மையாகவே படிக்க விரும்புகிற ஓர் உரைப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்; பொருளில்லாத நிரப்பு எழுத்தை வைத்துப் பழகினால் படிக்க முடிகிறதா என்பதை ஒருபோதும் சோதிக்க முடியாது. அதை 11 பாயிண்டில் 60, 100, 160 மி.மீ. என்ற மூன்று அகலங்களில் அமைத்து அச்சிடுங்கள். முதலாவதில் வரிக்கு நான்கு சொற்கள்கூட ஒழுங்காக நிற்காது. கண் ஒவ்வொரு நொடியும் திரும்பித் திரும்பி ஓடும். மூன்றாவதில், வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பி வரும் தூரம் அதிகமாகி, படித்த வரியையே மறுபடி படிக்க நேரும். ஆங்கிலத்துக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் என்ற அளவு வழங்கிவருகிறது. அதைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது, ஏனெனில் நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்ற ஒரே சொல் 16 எழுத்துகளைப் பிடித்துக்கொள்கிறது. நூல் பக்கத்துக்கு வரிக்கு ஆறு முதல் எட்டுச் சொற்கள் என்பது என் கைக்கணக்கு.

அடுத்து வரி இடைவெளி. ஈய அச்சுக் காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டைகளைச் செருகினார்கள். லீடிங் என்ற பெயர் அந்த ஈயத்திலிருந்து வந்தது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் தானாக அமையும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு, அதாவது 11 பாயிண்ட் எழுத்துக்கு 13.2 பாயிண்ட். அது ரோமன் எழுத்துக்காக வைத்த கணக்கு. அதில் தமிழை ஊற்றிப் பாருங்கள்: மேல் வரியில் ‘முழுதும்’ என்ற சொல்லும், கீழ் வரியில் நேர் அடியில் ‘நீரில்’ என்ற சொல்லும் வந்தால், ‘ழு’வின் வாலும் ‘நீ’யின் சுழியும் ஒன்றோடொன்று உரசி நிற்கும். அதே பத்தியை 13.2, 15, 17, 20 பாயிண்ட் இடைவெளிகளில் அச்சிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். 13.2 கறுத்த திட்டாகத் தெரியும்; 20இல் பத்தி கலைந்து தனித்தனி வரிகளாகப் பிரிந்துவிடும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்கு 16க்கும் 17க்கும் இடையில், அதாவது எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கில், பத்தி சீரான சாம்பல் நிறத்துக்கு வந்து அமரும். வரி நீளமானால் இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும்; இரண்டையும் தனித்தனியாக முடிவுசெய்ய இயலாது.

வரிகளை இருபக்கமும் நேராக்கும் ஆசை எல்லா மாணவர்களுக்கும் வரும். நீண்ட சொற்கள் உள்ள மொழியில், குறுகிய பத்தியில், அது பெருங்கேடு. ஒரு சொல் வரியில் இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்குத் தாவியதும், மிச்சமிருக்கும் மூன்று சொற்களுக்கிடையில் மென்பொருள் பள்ளங்களைத் தோண்டுகிறது. அவை வரிக்கு வரி சேர்ந்து பத்தியின் நடுவே வெள்ளை ஓடையாக வழிகின்றன. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை இயல்பாக விடுங்கள். நூலுக்கு இருபக்கமும் நேராக வேண்டும் என்றால், சொற்களை உடைக்க அனுமதியுங்கள். தமிழ் அச்சு மரபில் இணைகோடு இல்லாமலேயே சொல்லை உடைப்பது வழக்கம்தான். ஆனால் புள்ளி வைத்த எழுத்தை அடுத்த வரியின் தலையில் தள்ளக் கூடாது. ‘பட்டம்’ என்ற சொல்லை ‘பட்’ என்று நிறுத்தி ‘டம்’ என்று தொடரலாம். ‘ப’வை மட்டும் நிறுத்தி ‘ட்டம்’ என்று தொடங்கினால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியில் இரண்டு உண்டு. ஒரு குறிப்பிட்ட இணைக்கு நடுவே மட்டும் சரிசெய்வது கெர்னிங். முழுச் சொல்லிலோ பத்தியிலோ ஒரே அளவு கூட்டுவதும் குறைப்பதும் டிராக்கிங். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளால் அமைந்த தலைப்பை அகற்றி வைப்பது பழைய உத்தி, அழகாகவும் இருக்கும். தமிழில் அதைச் செய்தால் கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தை விட்டு விலகி, ‘கொடி’ என்ற சொல் கொம்பு, ‘க’, கால், ‘டி’ என்று நான்கு துண்டுகளாக நிற்கக்கூடும். தமிழில் டிராக்கிங்கைத் தொடாமல் விடுவதே நல்லது. தலைப்பு மிகப் பெரியதாக இருந்தால் சிறிதளவு குறைக்கலாம்.

இந்தப் படியிலேயே சில சிறு ஒழுங்குகளையும் பழகிவிடுங்கள்: நேர்க்குறிகளுக்குப் பதிலாக வளைந்த மேற்கோள்குறிகள், இணைகோட்டுக்கும் நீள்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு, வாக்கிய முடிவில் ஒரே ஓர் இடைவெளி, பக்கத்தின் உச்சியில் தனித்து நிற்கும் பத்தியின் கடைசி வரியை உள்ளே இழுத்துக்கொள்ளுதல்.

ஐந்தாம் படி: எது முதலில் கண்ணில் பட வேண்டும்

ஆங்கில வடிவமைப்பாளருக்கு முக்கியத்துவத்தைக் காட்டப் பெரிய எழுத்தும் இத்தாலிக்கும் கையில் இருக்கின்றன. நமக்கு இரண்டும் இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே தமிழில் கிடையாது. மென்பொருளின் இத்தாலிக் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது, நேரான எழுத்தை இயந்திரம் ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்த வடிவம். இத்தாலிக்கோ தனியே வரையப்பட்டது. ஆகவே அளவு, தடிமன், நிறம், இடம் என்ற நான்கை வைத்தே தமிழில் அடுக்கைக் கட்ட வேண்டும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றுதான். ஒரு சொற்பொழிவு அறிவிப்பு. தலைப்பு, பேசுபவர், தேதி, நேரம், இடம், இரண்டு வரி விளக்கம். இதை ஏ4 தாளில் நான்கு முறை அமைக்க வேண்டும். முதல் முறை ஒரே அளவு, ஒரே தடிமன். வெற்றிடத்தை மட்டும் மாற்றலாம். இரண்டாம் முறை தடிமனையும் மாற்றலாம். மூன்றாம் முறை தடிமனை விட்டுவிட்டு அளவை மட்டும், அதுவும் இரண்டே அளவுகள். நான்காம் முறைதான் எல்லாவற்றுக்கும் அனுமதி. முதல் முறைதான் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் வகுப்பில் பெரும்பாலும் அதுவே சிறந்ததாக அமைந்துவிடுகிறது. தேதியையும் நேரத்தையும் நெருக்கி வைத்து, தலைப்பை அவற்றிலிருந்து விலக்கி வைத்தாலே எது எதோடு சேரும் என்பது விளங்கிவிடுகிறது. அளவை மாற்றும்போது துணிந்து மாற்றுங்கள். 11க்குப் பக்கத்தில் 12 வைத்தால் தவறுதலாக நேர்ந்தது போல இருக்கும். 11க்குப் பக்கத்தில் 18 வைத்தால் முடிவெடுத்துச் செய்தது தெரியும். 6, 7, 8, 9, 10, 11, 12, 14, 16, 18, 21, 24, 36, 48, 60, 72 என்ற பழைய அச்சுக்கூட வரிசையிலிருந்தே எடுத்தால் தொடக்கத்தில் தடுமாற்றம் குறையும்.

ஆறாம் படி: ஓரமும் கிரிட்டும்

பக்கத்தின் அமைப்பை எழுத்திலிருந்து தொடங்குங்கள், காலித் தாளிலிருந்து அன்று. நான்காம் படியில் உங்கள் பத்திக்கு ஏற்ற வரி நீளம் எவ்வளவு என்று கண்டீர்கள் அல்லவா, அதுவே பத்தியின் அகலம். தாளின் அகலத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஓரம். 148 மி.மீ. அகலமுள்ள ஏ5 தாளில் 104 மி.மீ. பத்தி வைத்தால் ஓரங்களுக்கு 44 மி.மீ. மிஞ்சும். இரண்டையும் சமமாகப் பிரிப்பதா, தையல் பக்கத்தைக் கூட்டுவதா என்பது நூல் எவ்வளவு விரியும் என்பதைப் பொறுத்தது. பழைய நூல் மரபில், அகலத்துக்கும் உயரத்துக்கும் 2:3 விகிதமுள்ள பக்கத்தில் உள் ஓரம், மேல் ஓரம், வெளி ஓரம், கீழ் ஓரம் ஆகியவை 2:3:4:6 என்ற விகிதத்தில் அமையும் ஒரு முறை உண்டு. நூல் வடிவமைப்பாளர் யான் சிஹோல்ட் இதை ஆராய்ந்து மீட்டெடுத்தார். பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஒன்பதாகப் பிரித்து, உள்ளும் மேலும் ஒரு பங்கு, வெளியும் கீழும் இரண்டு பங்கு விட்டால் இந்த விகிதம் தானாக வந்துவிடும். தாள் விலை பார்க்கும் பதிப்பாளர் எவரும் இவ்வளவு ஓரம் தரமாட்டார். ஆனாலும் ஒருமுறை அமைத்துப் பாருங்கள்.

கிரிட் என்பது பக்கத்தைப் பிரிக்கும், அச்சில் தெரியாத கோடுகளின் அமைப்பு; அதைச் சட்டமாக எண்ணி அஞ்ச வேண்டாம். பக்கத்தை 12 நெடும்பட்டைகளாகப் பிரித்தால் அதை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகச் சேர்க்க முடிகிறது. அவ்வளவே அதன் வசதி. உங்களுக்குப் பிடித்த இதழ் ஒன்றின் மூன்று பக்கங்களின் மேல் டிரேசிங் தாளை வைத்து, எழுத்தும் படமும் தொடங்குகிற இடங்களிலெல்லாம் செங்குத்துக் கோடு இழுத்தால், மறைந்திருக்கும் கிரிட் மேலே வந்துவிடும்.

ஏழாம் படி: இப்போது எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம்

இவ்வளவு தூரம் வந்தவருக்கு எழுத்துருவிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருக்கும். தமிழ் எழுத்துருவைச் சோதிக்க நான் முதலில் தட்டெழுதுகிற சொல் ‘காரம்’. துணைக்காலும் ‘ர’வும் அருகருகே நிற்கும் சொல் இது. நல்ல எழுத்துருவில் ‘ர’வின் வால் பேஸ்லைனுக்குக் கீழே தெளிவாகச் சாய்ந்து இறங்கும், கால் கோட்டோடு நின்றுவிடும், மோசமான எழுத்துருவில் 9 பாயிண்டுக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்து ‘ஔ’வையும் ‘ஒள’வையும் அடுத்தடுத்து அடித்து, முன்னதில் உள்ள ‘ள’ சிறியதாக வரையப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ‘முழு’, ‘டீ’, ‘ஞூ’, ‘ணௌ’. இவற்றைக் கடந்து வந்தால் 36 உகர ஊகார வடிவங்களையும், கடைசியாக ‘ஜ’, ‘ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கிரந்த எழுத்துகளையும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பலூ தம்பி, கவிவனார் போன்ற ஆளுமை மிகுந்த எழுத்துருக்கள் தலைப்புக்கு அழகு. அவற்றில் நான்கு பக்க உரையை அமைத்துப் பாருங்கள், உங்களுக்கே போதும் என்றாகிவிடும்.

தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும் வேலைகள் மிகுதி. இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் வைத்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியும் என்று நம்ப வேண்டாம். மூன்றாம் படியில் ‘ப’வை அளந்ததற்கான பயன் இங்கேதான். ‘ப’வின் உயரத்தையும் ஆங்கிலச் சிறிய எக்ஸின் உயரத்தையும் ஒப்பிட்டு, கண்ணுக்குச் சமமாகும்வரை ஒன்றின் அளவை அரைப் பாயிண்ட், ஒரு பாயிண்ட் என மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டின் தடிமனும் நெருங்க வேண்டும். ஹிந்த் மதுரை, காட்டமரான் போன்றவற்றில் இரண்டு எழுத்து வடிவங்களும் ஒரே குடும்பத்தில் கிடைப்பதால் தொடக்கத்தில் அவை துணைசெய்யும். இரண்டு தமிழ் எழுத்துருக்களை இணைப்பதாக இருந்தால், ஒன்று மற்றொன்றிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்கட்டும். ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டைச் சேர்த்தால் பிழையாகவே தோன்றும்.

உரிமத்தையும் படியுங்கள். எழுத்துருவும் ஒரு மென்பொருள்தான். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், ஆவணத்தில் பொதிக்கலாம், மாற்றியமைக்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது.

எட்டாம் படி: கோப்பும் மாதிரித் தாளும்

தமிழில் வேலை செய்பவர் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையை, புறக்கணிக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை; அவற்றில் தட்டெழுதிய உரையை யூனிகோடு (உலக மொழிகளுக்குப் பொதுவான குறியாக்கம்) எழுத்துருவுக்கு மாற்றினால் குப்பையாகத் தெரியும். அத்தகைய கோப்பு கைக்கு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில்தான் முன்னால் நகர்த்தப்படுகிறது. அந்த நகர்த்தலைச் செய்யாத மென்பொருளில் கொம்பு தவறான இடத்தில், சில வேளை புள்ளிகளாலான வட்டத்தோடு வந்து நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும்.

ஒருமுறை நான் ஒரு சிறு கையேட்டின் மூலக் கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று அந்த இடத்தில் உட்கார, அட்டையிலிருந்த கொம்புகளெல்லாம் இடம் மாறி அச்சாகி வந்தன. அன்றிலிருந்து எழுத்துருக்கள் பொதிந்த பிடிஎஃப் தவிர வேறெதையும் அனுப்புவதில்லை.

திரைக்கான வேலையில் உலாவிகளின் இயல்பான 16 பிக்சலில் தொடங்கி, வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.6 மடங்கில் வைத்து, கைபேசியில் பார்த்துத் திருத்துங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு சாதாரண உரைக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. மெல்லிய சாம்பல் எழுத்தில் மோகம் கொண்டவர்கள் இந்த எண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அச்சு வேலையில் திரையின் பெரிதாக்கல் கண்ணை ஏமாற்றிவிடும், ஆகவே ஒவ்வொரு மாலையும் ஒரு மாதிரித் தாளாவது அச்சிடுங்கள். பக்கத்தின் மூலையில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் போட்டுவைத்து, அச்சிட்டதும் முதலில் அதை அளக்க வேண்டும், 97 மி.மீ. வந்தால் அச்சுப்பொறி பக்கத்தைத் தாளுக்குள் அடக்கச் சுருக்கியிருக்கிறது, அந்தத் தாளை வைத்து எழுத்தளவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. அளவு சரியாக இருந்தால் தாளை மேசையில் வைத்து, படிக்கும் தூரத்தில் அமர்ந்து, முழுவதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தடுக்கிய இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெள்ளை ஓடைகளும் கறுத்த திட்டுகளும் தெரியும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளின் பின்புறத்தில் தேதி, எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, பத்தியின் அகலம் ஆகியவற்றை எழுதி, ஒரு கோப்புறையில் அடுக்கிவையுங்கள். அடுத்த வேலைக்கு அளவுகளை முடிவுசெய்யும்போது முதலில் திறக்கப்போவது அந்தக் கோப்புறைதான்.